பாதி எண்ணெய் இன்னும் பாறைக்குள்தான் இருக்கிறது

நார்வேயில் எண்ணெய் பற்றிய சண்டை இப்போது இரண்டே அணிகளாக நிற்கிறது. 2025 ஆகஸ்டில் எரிசக்தி அமைச்சர் டெர்யே ஓஸ்லாண்ட், 26-வது உரிமச் சுற்றுக்கான வேலையைத் தொடங்கப்போவதாக அறிவித்தார். இதுவரை அதிகம் துளையிடாத கடல்பகுதிகளை நிறுவனங்களுக்குத் திறந்துவிடும் ஏற்பாடு அது. அடுத்த மாதமே தேர்தல் வந்தது. தொழிற்கட்சி ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டது. ஆனால் நாடாளுமன்றத்தில் அது நம்பியிருக்க வேண்டிய கட்சிகளில் ஒன்று பசுமைக் கட்சி. எண்ணெய்த் தொழிலுக்கு முடிவுத் தேதி குறிக்கச் சொல்லும் கட்சி. 4 சதவீத வாக்குத் தடையை அது தாண்டியது இதுவே முதல் தடவை.

ஆக, ஒரு பக்கம் "புதுசா தேடுங்க, இல்லேன்னா 2030-களில் உற்பத்தி சரிஞ்சிடும்" என்கிறார்கள். இன்னொரு பக்கம் "எடுத்தது போதும், நிறுத்துங்க" என்கிறார்கள். டிவி விவாதத்திலும் ஆபீஸ் காபி மெஷின் பக்கத்திலும் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலிலும் இதே இரண்டு பேச்சுதான்.

இரண்டு அணியும் கண்டுகொள்ளாத மூன்றாவது விஷயம் ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே மேடை போட்டு, குழாய் இழுத்து, 50 வருடமாக எடுத்துக்கொண்டிருக்கும் வயல்களிலேயே, இருந்த எண்ணெயில் பாதிக்கு மேல் இன்னும் பாறைக்குள் இருக்கிறது. நார்வே வயல்களின் சராசரி மீட்பு விகிதம் 47 சதவீதத்தை ஒட்டி. உலகச் சராசரி கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான். அதாவது நார்வே மற்றவர்களை விட நன்றாகவே செய்திருக்கிறது. அப்படியும் பாதி கீழேயே கிடக்கிறது.

நான் ஸ்டவாங்கரில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். ('நோர்வே' என்று எழுதுங்கள் என ஈழத்து நண்பர்கள் திருத்துவார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள், நான் தஞ்சாவூர்ப் பக்கம்.) படித்தது கம்ப்யூட்டர் இன்ஜினியரிங். ஆனால் 2017-ல் இங்கே வந்ததிலிருந்து தினசரி வேலை முழுக்க எண்ணெய்க் கிணற்றுத் தரவுகளோடுதான். பாறை விஞ்ஞானிகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் நமக்கும் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிக்கொண்டதில் என்னை அதிகம் யோசிக்க வைத்த வயல் எக்கோஃபிஸ்க். நார்வேயின் எண்ணெய்க் கதை தொடங்கிய இடமும் அதுதான்.

ஸ்டவாங்கரிலிருந்து தென்மேற்கே சுமார் 300 கிலோமீட்டர், வட கடலின் நடுவே, 70 மீட்டர் சொச்சம் ஆழமுள்ள தண்ணீரில் இருக்கிறது எக்கோஃபிஸ்க். 1969-ன் கடைசியில் அமெரிக்காவின் பிலிப்ஸ் பெட்ரோலியம் கண்டுபிடித்தது. 1971-ல் எண்ணெய் வரத் தொடங்கியது. அப்போது பொறியாளர்கள் போட்ட கணக்கு என்ன தெரியுமா? கீழே இருப்பதில் 17 சதவீதம் எடுக்க முடியும், மீதியை மறந்துவிட வேண்டியதுதான் என்பது. இன்றைக்கு அதே வயலுக்கான மதிப்பீடு 50 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. எண்ணெய் கூடவில்லை. பாறை மாறவில்லை. மாறியது இரண்டு விஷயம்: பாறைக்குள் தண்ணீரைச் செலுத்தினார்கள், கிணறுகளை எங்கே வைப்பது என்பதைத் திரும்பத் திரும்ப யோசித்தார்கள். எக்கோஃபிஸ்கில் ஆரம்பத்தில் இருந்தது 600 கோடி பீப்பாய்க்கு மேல். 17-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசம் என்றால் சுமார் 200 கோடி பீப்பாய். புதிதாக ஒரு பெரிய வயலைக் கண்டுபிடித்ததற்குச் சமம், அதுவும் இருக்கிற இடத்திலேயே.

இது ஏன் சுலபமில்லை என்று புரிய, அந்தப் பாறையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

எக்கோஃபிஸ்கின் எண்ணெய் கடலடிக்குக் கீழே சுமார் 3 கிலோமீட்டர் ஆழத்தில், சுண்ணப்பாறையில் இருக்கிறது. கரும்பலகையில் எழுதுவோமே, அந்தச் சாக்கு வகைதான். 6, 7 கோடி வருடங்களுக்கு முன் கடலில் மிதந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் அடியில் படிந்து இறுகியது. அதில் 30, 40 சதவீதம் வரை வெற்றிடம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் துளைகள் ஒவ்வொன்றும் தூசியை விடச் சின்னவை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழி அதைவிடக் குறுகல். ரவையும் மாவும் ஒன்றா? ரவையில் தண்ணீர் ஊற்றினால் சர்ரென்று இறங்கும், மாவில் ஊற்றினால் நிற்கும். மணற்கல் வயல் ரவை மாதிரி, சுண்ணப்பாறை மாவு மாதிரி. எண்ணெயை ஓட வைப்பது பாறையில் இயற்கையாக விழுந்திருக்கும் விரிசல்கள்தான். விரிசல்கள் நெடுஞ்சாலை, எண்ணெய் இருப்பதோ சந்து பொந்துகளில்.

இங்கேதான் தண்ணீர் செலுத்துவதில் பயம் வந்தது. ஒரு கிணற்றில் தண்ணீரை அழுத்தி உள்ளே விட்டால், அது எண்ணெயை அடுத்த கிணற்றுப் பக்கம் தள்ள வேண்டும். மணற்கல்லில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். விரிசல் விழுந்த சுண்ணப்பாறையில் தண்ணீர் நெடுஞ்சாலையைப் பிடித்து நேராக எதிர்க் கிணற்றில் வந்து நின்றுவிடலாம். சந்துக்குள் இருக்கும் எண்ணெய்க்கு எதுவும் ஆகாது. கோடிக்கணக்கில் செலவழித்துக் கடல் தண்ணீரைக் கீழே அனுப்பி, அதே தண்ணீரை மேலே எடுத்த கதையாகிவிடும்.

தப்பிக்க ஒரே வழி, பாறை தானாகத் தண்ணீரை உறிஞ்ச வேண்டும். நம் ஊர்ப் பழைய வீட்டுச் சுவரில் ஓதம் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் பம்ப் போடுவதில்லை. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருக்கும் ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். அதே மாதிரி, விரிசலில் ஓடும் தண்ணீரைச் சுண்ணப்பாறை பக்கவாட்டில் உறிஞ்சிக்கொண்டால், உள்ளே இருக்கும் எண்ணெய் வெளியே தள்ளப்பட்டு விரிசலுக்கு வரும். அப்புறம் அது கிணற்றைப் போய்ச் சேரும். ஆனால் எல்லாச் சுண்ணாம்புக்கல்லும் இப்படி உறிஞ்சாது. மத்திய கிழக்கின் பல வயல்களில் பாறையின் உட்பரப்பு எண்ணெயோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரைத் தள்ளிவிடும். எக்கோஃபிஸ்க் பாறை எந்த ரகம் என்று ஆபீசில் உட்கார்ந்து சொல்ல முடியாது. 1981-ல் வயலின் அடி அடுக்கில் ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். பாறை உறிஞ்சியது. கடல்நீரிலுள்ள சல்பேட் போன்ற உப்புகள், 130 டிகிரிச் சூட்டில், சுண்ணப்பாறை எண்ணெயை விட்டுத் தண்ணீரைப் பிடிக்க உதவுகின்றன என்பதை ஸ்டவாங்கர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னாளில் விளக்கினார்கள். ஆக, கடல் தண்ணீர் வெறும் தள்ளுகோல் இல்லை, மருந்தும் அதுதான்.

சோதனை வெற்றி என்றதும் அடுத்த மாதமே பெரிய அளவில் தொடங்கினார்கள் என்று நினைக்காதீர்கள். 1987 வரை இழுத்தது. அதற்குள் இன்னொரு கூத்து நடந்தது.

எண்ணெயை எடுக்க எடுக்கப் பாறைக்குள் அழுத்தம் குறையும். சாதாரணக் கல் என்றால் தாங்கும். இந்தப் பாறை தாங்கவில்லை. மேலிருக்கும் 3 கிலோமீட்டர் மண்ணின் பாரத்தை இத்தனை காலம் பாதி சுமந்துகொண்டிருந்தது உள்ளே இருந்த எண்ணெயின் அழுத்தம்தான். அது போனதும் பாறை நசுங்கியது. பாறை நசுங்க, கடலடித் தரையே கீழிறங்கியது. 1984-ல்தான் இது உறைத்தது. வயலின் நடுவே நின்ற பெரிய கான்கிரீட் தொட்டியைச் சுற்றிய அலைத்தடுப்புச் சுவரில் வரிசையாகத் துளைகள் இருக்கும். பழைய படத்தில் தண்ணீருக்கு மேலே தெரிந்த துளை வரிசைகள் இப்போது தெரியவில்லை! மேடைகள் சுமார் 3 மீட்டர் இறங்கியிருந்தன. வட கடலின் குளிர்காலப் புயலில் 3 மீட்டர் என்பது உயிர்ப் பிரச்சினை. அந்த வயலுக்குப் பக்கத்திலேயே 1980 மார்ச்சில் அலெக்சாண்டர் கீலாண்ட் என்ற தங்குமேடை கவிழ்ந்து 123 பேர் இறந்ததை இந்த ஊர் மறந்திருக்கவில்லை. 1987 கோடையில் இரும்பு மேடைகளின் கால்களை அறுத்து, மொத்தத்தையும் ஹைட்ராலிக் ஜாக்கி போட்டு 6 மீட்டர் உயர்த்தினார்கள். நம் ஊரில் ரோடு உயர்ந்துவிட்டது என்று வீட்டை ஜாக்கி போட்டுத் தூக்குவார்களே, அதையே நடுக்கடலில் செய்தார்கள். 1989-ல் தொட்டியைச் சுற்றி இன்னொரு கான்கிரீட் அரணும் வந்தது.

தண்ணீர் செலுத்தினால் அழுத்தம் திரும்பும், தரை இறங்குவது நிற்கும் என்று எதிர்பார்த்தார்கள். அழுத்தம் திரும்பியது, எண்ணெயும் கூடியது, தரை மட்டும் நிற்கவில்லை. தண்ணீர் பட்ட சுண்ணப்பாறை பலவீனமாகி மேலும் நசுங்கும் என்பது அப்புறம்தான் தெளிவானது. எண்ணெயை வெளியே கொண்டுவரும் அதே தண்ணீர் பாறையையும் கரைத்துத் தளர்த்துகிறது. 1990-களில் வருடத்துக்கு 40 சென்டிமீட்டர் வரை இறங்கிக்கொண்டிருந்தது. பிறகுதான் வேகம் குறைந்தது. மொத்தம் 9 மீட்டரைத் தாண்டிவிட்டது. 1998-ல் எக்கோஃபிஸ்க் இரண்டாம் கட்டம் என்று புதிய மேடைகளையே கட்ட வேண்டியிருந்தது. இந்தத் தடவை இறக்கத்தையும் கணக்கில் சேர்த்தே உயரத்தை முடிவு செய்தார்கள்.

1976-ல் உச்சத்திலிருந்த உற்பத்தி 1987-ல் பெரிதும் சரிந்திருந்தது. தண்ணீர் இறங்கிய பிறகு மெல்ல ஏறி, 2000-களின் தொடக்கத்தில் பழைய உச்சத்தை நெருங்கியது. வயசான வயல் ஒன்று இப்படி எழுந்து உட்கார்வது அபூர்வம்.

சரி, இதை யார் செய்ய வைத்தது? நம்மைப் போன்ற புலம்பெயர்ந்தவர்களுக்கு இந்தப் பகுதி முக்கியம் என்று நினைக்கிறேன்.

ஃபாரூக் அல்-காசிம் என்ற இராக்கியர், பாஸ்ராவில் பிறந்தவர், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பெட்ரோலியப் புவியியல் படித்தவர். மனைவி நார்வேக்காரர். இவர்களுடைய கடைசிப் பிள்ளைக்கு மூளை முடக்குவாதம். இராக்கில் சரியான சிகிச்சை இல்லை. 1968 மே மாதத்தில் நல்ல வேலையை விட்டுவிட்டு ஒஸ்லோவில் வந்து இறங்கினார். மனைவியின் ஊருக்குப் போகும் ரயில் சாயந்தரம்தான். நடுவில் பொழுது போக வேண்டுமே என்று தொழில் அமைச்சகத்துக்கு நடந்துபோய், நார்வேயில் இருக்கும் எண்ணெய்க் கம்பெனிகளின் பட்டியல் கிடைக்குமா என்று கேட்டார். அங்கே எண்ணெய்ப் பிரிவில் ஒரு சிலர்தான், கடலில் துளையிட்ட தரவுகளைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. வேலை தேடி வந்தவரையே அவர்கள் பிடித்துப்போட்டுக்கொண்டார்கள்.

பிறகு 1970-களிலும் 80-களிலும் நார்வே பெட்ரோலிய இயக்குநரகத்தில் வள மேலாண்மைக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர்தான். எக்கோஃபிஸ்கில் தண்ணீர் செலுத்தியே ஆக வேண்டும் என்று நிறுவனங்களை விடாமல் நெருக்கியது அந்த இயக்குநரகம். நிறுவனங்களுக்குத் தயக்கம் இருந்ததில் ஆச்சரியமில்லை. 17 சதவீதம் எடுத்தாலே அவர்களுக்கு லாபம். மீதிக்காக இன்றைக்கு முதல் போட்டுப் பத்து வருடம் காத்திருப்பதை விட, வேறு நாட்டில் புதுக் கிணறு போடுவது லேசு. ஆனால் நாட்டுக்கு வேறு வயல் கிடையாது. நிறுவனத்தின் கணக்கும் நாட்டின் கணக்கும் ஒன்றில்லை என்பதைப் புரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தவர், வந்தேறி என்று யாரும் கைகாட்டியிருக்கக்கூடிய ஒரு மனிதர். 2012-ல் நார்வே அரசு அவருக்குப் புனித ஓலாவ் விருது கொடுத்தது. இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்? பள்ளியில் எண்ணெய் நிதியைச் சொல்லித் தருகிறார்கள், இவரைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

அந்த நிதி 20 லட்சம் கோடி குரோனரைத் தாண்டியிருக்கிறது. 56 லட்சம் மக்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு 35 லட்சம் குரோனருக்கு மேல். அதில் பாதிக்கு மேல் முதலீட்டு லாபம்தான் என்றாலும், விதை எண்ணெய். பெட்ரோலிய லாபத்துக்கு 78 சதவீத வரி. ஆகவே மீட்பு விகிதம் ஒவ்வொரு சதவீதம் கூடும்போதும் பெரும்பங்கு போவது பொதுக் கஜானாவுக்கு.

தண்ணீரைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறேன், கிணறு வைக்கும் இடமும் அதே அளவு முக்கியம். எங்கள் ஊர்ச் சங்கத்தில் மூத்தவர் ஒருவர், கோப்பாய்க்காரர். இதை அவரிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் சிரித்தார். "எங்கட நிலமும் சுண்ணாம்புக்கல்லுத்தான் தம்பி. மிசின் போட்டு விடாமல் இறைச்சா கிணத்தில உவர் ஏறீடும். துலா மிதிச்ச காலத்தில அந்தப் பிரச்சினை இல்லை" என்றார். அவர் சொன்னது பாடப்புத்தகத்தில் இருக்கும் விஷயமேதான். யாழ்ப்பாணத்தில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. ஒரே இடத்தில் வேகமாக இழுத்தால் உப்புநீர் கூம்பு மாதிரி மேலே எழும்பி வந்துவிடும். எண்ணெய்க் கிணற்றிலும் அதே கூம்புதான். செங்குத்தாக ஒரே புள்ளியில் உறிஞ்சாமல், பாறை அடுக்கின் ஊடே படுக்கைவாட்டில் கிணற்றை நீட்டி, நீளம் முழுக்க மெதுவாக இழுப்பது அதற்கு ஒரு மருந்து.

இன்னொன்று, தண்ணீர் செலுத்தும் கிணறும் எண்ணெய் எடுக்கும் கிணறும் ஒரே விரிசல் கோட்டில் அமைந்துவிடக் கூடாது. அமைந்தால் நேர் வழி கிடைத்துவிடும். விரிசல் ஓடும் திசையிலேயே தண்ணீர்க் கிணறுகளை வரிசையாக வைத்தால், தண்ணீர் அந்த வரிசையிலிருந்து அகலமாகப் பரவி எண்ணெயைத் தள்ளிக்கொண்டு போகும். இதெல்லாம் போக, நசுங்கும் பாறையில் கிணற்றுக் குழாய்களும் நசுங்கும், வளையும், அறுபடும். இன்றைக்கு நல்ல இடமாகத் தெரிவது பத்து வருடத்தில் குழாயை முறிக்கும் இடமாகலாம்.

எந்தச் சந்துக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை என்று எப்படித் தெரியும்? 2010-ல் எக்கோஃபிஸ்கின் கடலடியில் ஒளியிழைக் கம்பிகளை நிரந்தரமாகப் புதைத்தார்கள். மேலே கப்பல் ஒலி அதிர்வு அனுப்பும், கீழிருந்து திரும்பும் எதிரொலியைக் கம்பிகள் பதிவு செய்யும். இதையே திரும்பத் திரும்பச் செய்து, போன தடவைப் படத்தையும் இந்தத் தடவைப் படத்தையும் கழித்துப் பார்த்தால், இடையில் தண்ணீர் எங்கெல்லாம் போயிருக்கிறது என்பது தெரியும். படம் மாறாத இடத்தில் எண்ணெய் அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த கிணறு அங்கே. 2013-ல் திறந்த எக்கோஃபிஸ்க் தெற்குத் திட்டத்தில் மட்டும் 35 உற்பத்திக் கிணறுகளும் 8 தண்ணீர்க் கிணறுகளும். பக்கத்து எல்ட்ஃபிஸ்கில் 2024-ல்கூடப் புதிய பகுதி உற்பத்திக்கு வந்தது. மூடப்பட வேண்டியதாக ஒரு காலத்தில் நினைத்த பகுதிக்கான உரிமம் இப்போது 2048 வரை நீண்டிருக்கிறது.

என் தொழிலுக்கு வருகிறேன். நார்வேயில் 1995 முதல் டிஸ்கோஸ் என்று ஒரு தேசியத் தரவுக் கிடங்கு இருக்கிறது. கடலில் யார் துளையிட்டாலும் அந்தத் தரவு அங்கே வந்து சேர வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு பெரும்பகுதி மற்றவர்களுக்கும் திறக்கப்படும். 2018-ல் ஈக்வினோர், மூடிவிட்ட வோல்வே வயலின் தரவை, சுமார் 40,000 கோப்புகளை, அப்படியே பொதுவில் போட்டது. மணற்கல் வயல்தான், ஆனாலும் நான் இந்தத் துறையில் கற்றுக்கொண்டதில் பாதி அதை நோண்டியதில் வந்தது. ஒருவர் கைவிட்ட வயலை இன்னொருவர் புதுக் கண்ணோடு பார்க்க முடிகிறது என்றால் இந்த ஏற்பாட்டால்தான். செயற்கை நுண்ணறிவு வந்து எண்ணெயைக் கண்டுபிடிக்கும் என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். 1974-ல் யாரோ ஒருவர் கையால் எழுதி ஒழுங்காகச் சேர்த்து வைத்த கிணற்று அறிக்கை இல்லையென்றால் அந்த நுண்ணறிவுக்குத் தின்ன எதுவும் இருக்காது.

வளைகுடாவில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உலகின் மிகப் பெரிய எண்ணெய் வயலான சவூதியின் கவாரும் சுண்ணாம்புக்கல் வயல்தான். அங்கேயும் ஓரங்களில் தண்ணீர் செலுத்தித்தான் எண்ணெயை நடுவே தள்ளுகிறார்கள். இந்தியாவின் மும்பை ஹையும் சுண்ணாம்புக்கல்லே. 1974-ல் கண்டுபிடித்து 1984-ல் தண்ணீர் செலுத்தத் தொடங்கிய வயல் அது. அங்கே உற்பத்தியைத் தூக்கி நிறுத்த 2025-ல் பிபி நிறுவனத்தை ஓஎன்ஜிசி தொழில்நுட்பத் துணையாகச் சேர்த்துக்கொண்டது. பழைய வயலைத் திரும்பப் பார்ப்பது நார்வேயின் பிரச்சினை மட்டுமில்லை.

இப்போது எதிர்வாதம். பழைய வயலிலிருந்து கடைசிச் சொட்டு எடுப்பது சுத்தமான வேலை இல்லை. வயது ஏற ஏற, மேலே வருவதில் எண்ணெயை விடத் தண்ணீர்தான் அதிகம். அதைப் பிரிக்க வேண்டும், திரும்பக் கீழே அழுத்த வேண்டும், எல்லாவற்றுக்கும் மின்சாரம். அந்த மின்சாரம் பெரும்பாலும் மேடையிலேயே எரிவாயுவை எரித்து வருகிறது. நார்வேயின் உள்நாட்டுப் புகை வெளியீட்டில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு எண்ணெய், எரிவாயுத் தொழிலுடையது. பிரித்த தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 30 மில்லிகிராம் எண்ணெய் வரை கடலில் விட அனுமதி உண்டு. ஆகவே "பழைய வயல் நல்லது, புது வயல் கெட்டது" என்று சுலபமாக எழுதிவிட முடியாது. என் கட்சி இதுதான்: பாரன்ட்ஸ் கடலின் கன்னிப் பகுதிகளைத் திறப்பதற்கு முன், இருக்கும் ஒவ்வொரு வயலிலும் எவ்வளவு மிச்சம், எடுக்க என்ன செலவு, ஒரு பீப்பாய்க்கு எவ்வளவு புகை என்று கணக்கு வைக்கட்டும். புகை அதிகம் என்று தெரிந்தால் அந்தக் கிணற்றை மூடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. கணக்கே போடாமல் வடக்கே ஓடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எரிவாயுவில் சுமார் 30 சதவீதம் நார்வேயிலிருந்து போகிறது. உக்ரைன் போருக்குப் பிறகு இதை ஒரே இரவில் நிறுத்த எந்த அரசும் துணியாது. அப்படியானால் அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

ஊரிலிருந்து வேறொரு கேள்வி வருகிறது. "நெடுவாசலுக்கும் கதிராமங்கலத்துக்கும் இங்கே குரல் கொடுத்தீங்க, அங்கே போய் எண்ணெய்க் கம்பெனிக்கு வேலை பார்க்கிறீங்களா?" நியாயமான கேள்வி. நெல் விளையும் மண்ணுக்கு நடுவே துளையிடுவதும் கரையிலிருந்து 300 கிலோமீட்டர் தள்ளித் துளையிடுவதும் ஒன்றில்லை. அதைவிடப் பெரிய வித்தியாசம், இங்கே கடலடி எத்தனை சென்டிமீட்டர் இறங்கியது என்பதை ஸ்டவாங்கரில் ஒரு பள்ளி மாணவன்கூடத் தேடிப் படிக்க முடியும். டெல்டாவில் தன் வயலுக்கு அடியில் ஓடும் குழாய் எப்போது போட்டது, கடைசியாக எப்போது சோதித்தது என்று ஒரு விவசாயி கேட்டால் அதே மாதிரி பதில் கிடைக்கிற நாளில் நாம் இந்த விவாதத்தை வேறு மாதிரி நடத்தலாம்.

இதில் நம் பங்கு என்ன? 2014-ல் 100 டாலருக்கு மேல் இருந்த பீப்பாய் விலை 2016 ஜனவரியில் 30-க்கும் கீழே போனபோது இந்த ஊரில் என்ன நடந்தது என்று எனக்கு முன்னால் வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வீட்டு விலை விழுந்தது. திறன்சார் வேலை அனுமதியில் இருப்பவருக்கு வேலை போனால் அடுத்ததைத் தேட 6 மாதம்தான் அவகாசம். பலர் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து பாதியில் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். குடியுரிமை உள்ள ஈழத்துக் குடும்பங்களுக்கு அந்தப் பயம் இல்லை, ஆனால் வீட்டுக் கடன் எல்லோருக்கும் ஒன்றுதான். இப்போது பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகள் "பெட்ரோலியம் படிக்கலாமா, அது செத்துப்போற தொழிலாச்சே" என்று கேட்கிறார்கள். புதுசா தேடும் வேலை குறையலாம். 50 வருடத் தரவைப் படித்து மிச்சத்தை எடுக்கும் வேலையும், பழைய கிணறுகளைப் பத்திரமாக அடைக்கும் வேலையும், காலியான பாறைகளில் கரியமில வாயுவைப் புதைக்கும் வேலையும் அவர்கள் ஓய்வு பெறும்வரை இருக்கும். மூன்றுக்கும் தேவை அதே பாறை அறிவுதான். நான் கேட்டவர்களிடம் படி என்றுதான் சொல்லியிருக்கிறேன், கூடவே புள்ளியியலும் படி என்று.

காலம் ஒரு விஷயத்தில் கறார். ஒரு வயலை மூட முடிவெடுத்தால் கிணறுகளைச் சிமெண்ட் ஊற்றி அடைப்பார்கள், மேடையை வெட்டிக் கரைக்கு இழுத்து வருவார்கள். அதன் பிறகு கீழே எவ்வளவு எண்ணெய் இருந்தாலும், அந்தச் சின்ன மிச்சத்துக்காகப் புதிதாக ஒரு மேடை கட்ட யாரும் வரமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். 1970-களில் நட்ட மேடைகள் பல ஏற்கெனவே போய்விட்டன. மற்றவற்றுக்கு இன்னும் பத்து, இருபது வருடம். 26-வது சுற்று வேண்டுமா வேண்டாமா என்று ஒஸ்லோவில் பேசிக்கொண்டிருக்கும் இந்த வருடங்களிலேயே அடைப்பதற்கான சிமெண்ட் ஒப்பந்தங்களும் கையெழுத்தாகிக்கொண்டிருக்கின்றன.